துப்பாக்கிக்கு ஏன் பீங்கான் பூச்சு?

துப்பாக்கியைத் துருவிலிருந்து காப்பது வெறும் சாயம் அடிக்கும் வேலையல்ல. எஃகால் ஆன அந்தக் கருவி மழையில் நனைகிறது, கை வியர்வையின் உப்பு அதில் படிகிறது, சுடும்போது சூடேறுகிறது, உறையில் போட்டு எடுக்கும்போதெல்லாம் உரசுகிறது. இவை அத்தனையையும் ஒரே பூச்சு தாங்க வேண்டும். மலேசியாவில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது கடுங்குற்றம் என்பதால், இந்தத் தொழிலை நாம் நேரில் பார்ப்பது அரிது. வேட்டைக்காரர்கள் நிறைந்த அமெரிக்காவில் இதற்கெனவே சிறு பட்டறைகள் இயங்குகின்றன. ஆனால் அங்கே நடக்கும் வேதியியல், நம் ஐந்தாம் படிவ மாணவர்கள் படிக்கும் அதே துருப்பிடித்தல் பாடம்தான்.

பழைய முறையில் எஃகைச் சூடான காரக் கரைசலில் அமிழ்த்தி, அதன் மேற்பரப்பைக் கருநீல மேக்னடைட்டாக மாற்றுவார்கள். துருவும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். ஆனால் துரு பொருக்காக உதிரும். மேக்னடைட் எஃகோடு ஒட்டியிருக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் ஏந்திய எம்1 காரண்ட் துப்பாக்கிகளுக்குப் பாஸ்பேட் படிகப் பூச்சு இட்டார்கள். இரண்டு முறைகளிலும் ஈரத்தைப் பெரும்பாலும் தடுத்தது பூச்சு அன்று, அதன் மேல் தடவிய எண்ணெய். எண்ணெய் காய்ந்தால் துரு எட்டிப் பார்க்கும்.

தெளிப்புப் பூச்சு இந்த எண்ணெயின் தயவை நம்பி இருப்பதில்லை. ஓரிகன் மாநிலத்தில் தயாராகும் செராகோட் இவ்வகையில் பெயர் பெற்றது. நுண்ணிய பீங்கான் துகள்கள் கலந்த பிசினோடு கெட்டியாக்கியைச் சேர்த்துத் தெளிக்கிறார்கள். ‘பீங்கான்’ என்றதும் சட்டிபானைபோல் சூளையில் சுட்டதாக எண்ணிவிட வேண்டாம். பாண்டம் சுட ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸ் வேண்டும். இதற்கு 121 டிகிரியில் இரண்டு மணி நேரம் போதும். அந்த வெப்பத்தில் பிசினின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. எஃகோடு ஒட்டுவது பிசின். உரசலைத் தாங்க உதவுவது பீங்கான் துகள்.

இங்கேதான் கதை தலைகீழாகிறது. நேற்றுவரை காவலாக இருந்த எண்ணெய், இப்போது எதிரி. எஃகின் நுண்துளைகளிலும் திருகு மரைகளிலும் அது ஒளிந்திருக்கும். பாகங்களை முதலில் அசெட்டோனில் ஊறவைத்துத் துடைப்பார்கள். பிறகு 150 டிகிரி அளவில் ஒரு மணி நேரம் அடுப்பில் வைப்பார்கள். வெளியே எடுக்கும்போது எங்காவது எண்ணெய் கசிந்த கறை தெரிந்தால், மறுபடி அசெட்டோன், மறுபடி அடுப்பு. அடுத்து அலுமினியம் ஆக்சைடு பொடியைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவார்கள். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் பரப்பளவைக் கூட்டுகின்றன. பிசின் அவற்றில் வேர்போல் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் வெறுங்கையால் தொடக்கூடாது. ஒரு விரல்ரேகையின் எண்ணெய் போதும், அந்த இடத்தில் பூச்சு உரிய. பழைய துருவின் மேலேயே சாயம் அடித்த வீட்டு இரும்புக் கதவு சில மாதங்களில் பொரிந்துவிடுவதும் இதே காரணத்தால்தான். பட்டறைக்காரரின் நேரத்தில் பெரும்பகுதி தெளிப்பதற்கு முன்பே கழிந்துவிடுகிறது. அதில் அவசரம் காட்டுபவரிடம் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சைக் கொடுத்தாலும் வீண்தான்.

பூச்சின் தடிமன் சுமார் 25 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் பாதிகூட இல்லை. ஆனாலும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் இரு பாகங்களுக்கும் பூசினால், இடைவெளியில் 50 மைக்ரோமீட்டர் குறைந்துவிடும். கனமாகத் தெளித்த துப்பாக்கி இயங்காமல் சிக்கிக்கொள்ளலாம். குண்டு செல்லும் குழலின் உட்புறத்தை அடைத்துவிட்டுத்தான் தெளிப்பார்கள். நெகிழிப் பிடிகளைக் குறைந்த வெப்பத்தில் அதிக நேரம் வைத்து இறுக விடுவார்கள். இல்லையேல் அவை வளைந்து போகும். கரைப்பான் ஆவி நுரையீரலுக்குக் கேடு என்பதால் சாதாரணத் துணிக் கவசம் உதவாது. ஆவியை ஈர்க்கும் வடிகட்டி உள்ள முகக்கவசம் தேவை.

இத்தகைய பூச்சுகளை 35 டிகிரி வெப்பமுள்ள பெட்டியில் வைத்து, 5 விழுக்காடு உப்புநீரை மூடுபனிபோல் இடைவிடாமல் தெளித்துச் சோதிக்கிறார்கள். விளம்பரங்களில் வரும் ‘இத்தனை ஆயிரம் மணி நேரம்’ என்ற எண்கள் இந்தப் பெட்டியிலிருந்து வருபவை. அவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் படிப்பது நல்லது. சோதனைக்கு வைப்பது பெரும்பாலும் புதிதாகப் பூசிய தட்டையான தகடு. வேட்டைக்காரரின் துப்பாக்கியோ பாறையில் மோதும், கீறல் விழும். எஃகு வெளியே தெரியும் அந்தக் கீறலில்தான் துரு தொடங்கி, பூச்சின் அடியிலேயே மெல்லப் பரவும்.