குத்தினால் பழி யாருக்கு?

மின்னலை ஆராய்ந்த மேதை பெஞ்சமின் பிராங்க்ளினை உலகம் அறியும். மகனைப் பறிகொடுத்த தகப்பனாராக அவரை அறிந்தவர்கள் குறைவு.

1721-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வைசூரி புகுந்தது. ஜனத்தொகை சுமார் 11,000. அதில் ஏறக்குறைய 6,000 பேருக்கு நோய் கண்டது. 844 பேர் மாண்டனர். ஜென்னரின் தடுப்பு முறை பிறக்க இன்னும் 75 ஆண்டுகள் இருந்தன. நோயாளியின் கொப்புளத்துச் சீழைச் சிறிது எடுத்து, நல்ல உடம்பில் கீறி ஏற்றுவதே அன்றைய அம்மை குத்தல். டாக்டர் பாயில்ஸ்டன் அவ்விதம் சுமார் 240 பேருக்குக் குத்தினார். 6 பேரே இறந்தனர். தானாக வந்தால் ஏழு பேரில் ஒருவர் சாவு. குத்திக்கொண்டால் நாற்பதில் ஒருவர். கணக்கு தெளிவுதான். ஆனாலும் அம்மை குத்தலை ஆதரித்த பாதிரியார் காட்டன் மாதரின் வீட்டில் யாரோ குண்டு வீசினார்கள்! நல்ல காலம், அது வெடிக்கவில்லை. அம்மை குத்தலைக் கேலி செய்த பத்திரிகையை நடத்தியவர் பிராங்க்ளினின் தமையனார். அங்கே அச்சுத் தொழில் பழகிய பையன்தான் பெஞ்சமின்.

பிற்பாடு பெஞ்சமின் மனம் மாறி, அம்மை குத்தலை ஆதரித்தார். ஆனால் 1736-ல் அவருடைய நாலு வயது மகன் பிரான்சிஸ் வைசூரியால் இறந்தான். அம்மை குத்தியதால்தான் இறந்தான் என்று ஊரில் வதந்தி. தகப்பனார் தமது பத்திரிகையிலேயே அதை மறுத்தார். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்தது. குணமாகட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். அதற்குள் நோய் முந்திக்கொண்டது.

82 வயதில் சுயசரிதை எழுதும்போதும் அந்தத் துயரம் ஆறவில்லை. குத்திக் குழந்தை இறந்தால் எப்படித் தாங்குவது என்று பல பெற்றோர் அஞ்சுகிறார்கள். குத்தாமல் இறந்தாலும் வேதனை அதேதான், ஆகவே ஆபத்து குறைந்த வழியே மேல் என்பது அவர் கட்சி.

மனோதத்துவ நிபுணர்கள் ரிதோவ், பேரன் இருவரும் 1990-ல் இதே மனப்போக்கைச் சோதித்து எழுதினர். நோயைவிட ஊசியால் சாவு குறைவு என்று சொன்ன பிறகும் பலர் ஊசி வேண்டாம் என்றனர். இத்தனைக்கும் அது கற்பனை ஊசி. இன்றைய தடுப்பூசிகளில் கடுமையான தீங்கு மிக மிக அபூர்வம். நம் கையால் செய்து வந்த கேடு நெஞ்சில் குத்துகிறது. சும்மா இருந்து வந்த கேட்டைத் தலையெழுத்தின் மேல் போட்டுவிடலாம் அல்லவா?

பிராங்க்ளின் சுயசரிதை வரை காத்திருக்கவில்லை. 1759-லேயே லண்டனில், சாதாரண ஜனங்களும் தாமே அம்மை குத்திக்கொள்ளும் விதத்தை டாக்டர் ஹெபர்டனைக் கொண்டு எழுதுவித்து, தாமே முன்னுரை சேர்த்து அச்சிட்டார். பிரதிகள் அமெரிக்காவில் இலவசமாக வழங்கப்பட்டன. பிரான்சிஸ் இறந்து அப்போது 23 வருஷம்.