மஞ்சள் விளக்கு எரியுதா? பார்ட்ஸ் மாற்றும் முன் ஒரு நிமிஷம்!

ஷாஃப்ஹவுசனில் நம்மாளுங்க ரெண்டு பேர் சந்தித்தால் மூணாவது நிமிஷம் பேச்சு காருக்கு வந்துவிடும். காரணம் இருக்கிறது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், ரைன் நதிக்கு வடக்கே ஜெர்மனிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கிற கன்டோன் இது. எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் கொஞ்ச நேரத்தில் பார்டர். பக்கத்திலேயே ப்யூஸிங்கன் என்று ஒரு கிராமம் வேறு. ஜெர்மனிக்குச் சொந்தம், ஆனால் சுற்றிலும் சுவிஸ்! அந்த ஒரே ஊருக்காக ஜெர்மன்காரர்கள் தனி நம்பர் பிளேட் எழுத்தே வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் "அங்கால விலை குறைவாம்" என்ற பேச்சு எழாமல் இருக்குமா? பழைய வண்டியை ஜெர்மனியில் வாங்கி இங்கே கொண்டு வருவது ரொம்பச் சாதாரணம். சுங்கத்தில் காட்டி 4 சதவீத வாகன வரியும், அதன் மேல் 8.1 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் கட்ட வேண்டும். பிறகு கன்டோனின் வாகன அலுவலகத்தில் பரிசோதனை. இங்கே எல்லோரும் 'எம்எஃப்கே' என்று பயபக்தியோடு சொல்வார்கள். ஏர்பேக் விளக்கோ, ஏபிஎஸ் விளக்கோ, எஞ்சின் விளக்கோ எரிந்துகொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த விளக்குகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நான் படிப்பது மெக்கானிக்கல். ரூம் ஷாஃப்ஹவுசனில், கல்லூரி விண்டர்தூரில், நடுவில் அரை மணி நேர ரயில். சொந்தமாக சைக்கிள்தான் இருக்கிறது :-) ஆனாலும் "மெக்கானிக்கல் படிக்கிற பொடியன்" என்ற ஒரே தகுதியில் ஊரில் உள்ள அத்தனை மஞ்சள் விளக்குகளும் என்னிடம் வருகின்றன.

எங்கள் பில்டிங் மேல்மாடியில் ஒரு அண்ணா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், விடியற்காலை ஷிஃப்ட். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, கார் இல்லையென்றால் வேலை இல்லை. ஜெர்மனியிலிருந்து ஒரு வண்டி எடுத்து, வரி கட்டி, பரிசோதனையும் தாண்டி நம்பர் வாங்கிவிட்டார். மூன்றாவது வாரம் எஞ்சின் விளக்கு. ஒரு கராஜுக்குப் போனார். ஸ்கேனரைச் செருகினார்கள், 'பி 0420' என்று வந்தது. "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று ஒரு தொகை எழுதிக் கொடுத்தார்கள். வண்டி விலையில் பாதிக்குக் கிட்ட!

அண்ணா கேட்டார்: "தம்பி, உந்த மெஷின் சொன்னா அது சரியாத்தானே இருக்கும்?"

கேள்வி இதுதான். பதிலுக்கு மெஷின் என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

விளக்குக்குப் பின்னால் என்ன?

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதன் பெயர் ஓபிடி. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் இது கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லும் டீசலுக்கு அதன் பின்னரும் வந்தது. நம் ஊரில் 2010 ஏப்ரலில் முதல் கட்டம், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம்.

இதைக் கொண்டு வந்ததன் நோக்கம் டிரைவரின் வசதி இல்லை, புகை. வண்டி அளவுக்கு மீறிப் புகை கக்க வாய்ப்பிருந்தால் கம்ப்யூட்டர் விளக்கைப் போட வேண்டும், காரணத்தை ஒரு கோடாக எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம் கேட்டது.

இப்போது அந்த 0420-ஐ எடுத்துக்கொள்வோம். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்ஸிஜன் சென்சர், பின்னால் ஓர் ஆக்ஸிஜன் சென்சர். முன்னால் இருப்பதன் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் ஆக்ஸிஜனைத் தன்னுள் பிடித்து வைத்து விடும், அதனால் பின்னால் இருப்பது ஏறக்குறைய நேர்கோடாக நிற்கும். பின்சென்சரும் முன்சென்சர் மாதிரியே ஆட ஆரம்பித்தால், "செயல்திறன் வரம்புக்குக் கீழே" என்று கம்ப்யூட்டர் எழுதும்.

கவனியுங்கள் மக்களே, "கன்வெர்ட்டரை மாற்று" என்று அது எழுதவில்லை. பின்சென்சர் ஆடுகிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஏன் ஆடுகிறது? கன்வெர்ட்டர் நிஜமாகவே செத்திருக்கலாம். சைலன்சர் குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று உள்ளே போகலாம். சென்சரே கிழடாகியிருக்கலாம். சில மாடல்களில் கம்பெனி பிறகு கொடுத்த சாஃப்ட்வேர் அப்டேட் போடாமல் விட்டிருக்கலாம். காய்ச்சல் 102 என்று தெர்மாமீட்டர் சொல்கிறது. அதை வைத்து யாராவது ஆபரேஷன் செய்வார்களா?

ஒரு மணி நேரச் சோதனை

அண்ணாவை இன்னொரு கராஜுக்குப் போகச் சொன்னேன். "கோட் வாசிக்க வேண்டாம், காரணம் கண்டுபிடித்துக் கொடுங்கள், நேரத்துக்குக் காசு தருகிறோம்" என்று கேட்கச் சொன்னேன். நானும் கூடப் போய் வேடிக்கை பார்த்தேன். என்ன செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், கோட் பதிவான அந்தக் கணத்தின் படம். விளக்கு எரிந்தபோது வேகம் எவ்வளவு, எஞ்சின் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் ஒரு ஃப்ரேம் சேமித்து வைத்திருக்கும். கோடை அழித்தால் இதுவும் போய்விடும். அதனால்தான் நல்ல மெக்கானிக் முதல் வேலையாக எதையும் அழிக்க மாட்டார்.

அடுத்து, ஓடும் எஞ்சினின் நேரடி அளவுகள். குறிப்பாக 'ஃப்யூயல் ட்ரிம்'. கலவையில் காற்று அதிகமானால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிச் சமாளிக்கும். எத்தனை சதவீதம் கூட்டுகிறது என்பதைப் பார்த்தே பாதி துப்பு கிடைத்துவிடும். ஐடிலில் அதிகமாகக் கூட்டி, ரேஸ் கொடுத்ததும் சரியாகிவிட்டால் இன்டேக் பக்கம் எங்கோ காற்று கசிகிறது. ரேஸ் கொடுக்கக் கொடுக்கக் கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றை அளக்கிற சென்சர் குறைத்துச் சொல்கிறது. அண்ணா வண்டியில் இது ஒழுங்காகவே இருந்தது.

மூன்றாவது, புகைச் சோதனை. குழாய்க்குள் லேசான அழுத்தத்தில் புகையை விட்டு எங்கே வெளியே வருகிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. வந்தது! பின்சென்சருக்குச் சற்று முன்னால், இரண்டு குழாய் சேரும் இடத்தில். கேஸ்கட் தேய்ந்து, ஒரு போல்ட் துருப்பிடித்திருந்தது. அந்த வழியாகக் காற்று உள்ளே போய் பின்சென்சரை ஆட்டியிருக்கிறது. கேஸ்கட்டும் போல்ட்டும் மாற்றினார்கள். பொருளின் விலையை விட நேரத்துக்கான கூலிதான் அதிகம்.

அண்ணா சொன்னது: "ஒரு மணித்தியாலத்துக்குக் காசு குடுக்கேக்க நெஞ்சு எரிஞ்சது தம்பி. பிறகு மற்ற இடத்தில கேட்ட காசை நினைச்சன், ஆறிட்டுது."

வெளிநாட்டு வண்டி என்றால் இன்னும் கொஞ்சம் சிக்கல்

இறக்குமதி வண்டிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது பிறந்த நாட்டின் சட்டத்தைச் சுமந்துகொண்டு வரும்.

அமெரிக்க வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் டாங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று தானே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. ஐரோப்பிய விதி அந்தக் கசிவுச் சோதனையைக் கேட்கவில்லை. ஆகவே பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாவிட்டால் அமெரிக்க வண்டியில் எஞ்சின் விளக்கு எரியும். அதே வண்டியின் ஐரோப்பியப் பதிப்போடு மட்டும் பழகிய மெக்கானிக் தலையைச் சொறிவார்.

டயர் காற்று விளக்கும் அப்படித்தான். அமெரிக்க வண்டிகளின் சென்சர்கள் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸில் பேசும், ஐரோப்பியச் சென்சர்கள் 433-இல். இங்கே குளிர்கால டயரை உள்ளூர் சென்சரோடு வாங்கிப் போட்டால் வண்டிக்குக் காது கேட்காது. டயர் நன்றாக இருக்கும், விளக்கு மட்டும் அணையாது. பின்பக்கச் சிவப்பு இண்டிகேட்டரை இங்குள்ள விதிக்காக மஞ்சளாக மாற்றும்போது எல்ஈடி போட்டுவிட்டால் இன்னொரு வேடிக்கை. கரண்ட் குறைவாக இழுப்பதால் "பல்பு போச்சு" என்று வண்டி அலறும்.

இலங்கைக்குப் போனால் கதை ஜப்பான் பக்கம் திரும்புகிறது. அங்கே ஓடுகிற ஹைபிரிட் வண்டிகளில் ஏராளமானவை ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இருக்கிற வண்டியை எப்படியாவது ஓட்டியாக வேண்டும். அதில் எல்லோரும் பயப்படுகிற கோட் 'பி 0ஏ80'. இதற்கு அதிகாரபூர்வ விளக்கமே "ஹைபிரிட் பேட்டரியை மாற்று" என்பதுதான்! கோடே மாற்றச் சொன்ன பிறகு எதிர்த்துப் பேச யாருக்குத் தைரியம் வரும்?

ஆனால் மூன்றாம் தலைமுறை பிரியஸின் பேட்டரிக்குள் 28 சிறு மாட்யூல்கள். கம்ப்யூட்டர் அவற்றை இரண்டிரண்டாக, 14 கட்டங்களாகப் பார்க்கிறது. லோடு கொடுத்து ஒவ்வொரு கட்டத்தின் வோல்டேஜையும் ஒப்பிட்டால் எது சரிகிறது என்று தெரிந்துவிடும். சில நேரம் இணைப்புத் தகடுகளில் பச்சை பிடித்திருக்கும். சில நேரம் பின்சீட் அருகே இருக்கிற குளிர்விக்கும் ஃபேன் தூசியால் அடைத்து பேட்டரி வெந்திருக்கும். முழு பேட்டரியும் நிஜமாகவே முடிந்துபோன வண்டிகளும் உண்டு. அளந்தால்தான் தெரியும். இருநூறு வோல்ட் விஷயம் இது, வீட்டில் யாரும் ஸ்க்ரூடிரைவரோடு இறங்காதீர்கள், சாமி!

விளக்கு எரியவில்லை என்றால் நிம்மதியா?

அதுவும் இல்லை. சுவிஸில் ஒரு காலத்தில் எல்லா வண்டிகளுக்கும் புகைப் பராமரிப்புச் சோதனை தவறாமல் செய்ய வேண்டும். 2013 முதல், அங்கீகரிக்கப்பட்ட ஓபிடி உள்ள வண்டிகளுக்கு அது தேவையில்லை என்றார்கள். விளக்கை அரசாங்கமே நம்பிய காலம்.

2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் விவகாரம் வெடித்தது. அதைத் தோண்டி எடுத்தது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சின்னக் குழு. அதில் இருந்தவர்களில் ஒருவர் அரவிந்த் திருவேங்கடம். பெயரைப் பார்த்ததும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேனா இல்லையா :-) கூட இருந்தவர்கள் ஹேமந்த் கப்பண்ணாவும், சுவிஸ்காரரான மார்க் பெஷ்ஷும். 2013-இல் அளவுக் கருவியைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியா ரோடுகளில் ஓட்டினார்கள். ஆய்வுக்கூடத்தில் பாஸான ஜெட்டா, ரோட்டில் நைட்ரஜன் ஆக்ஸைடை வரம்பைப் போல் 15 முதல் 35 மடங்கு வரை கக்கியது. டாஷ்போர்டில் எந்த விளக்கும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு நாடுகள் விழித்துக்கொண்டன. ஜெர்மனி 2018 முதல் புகைக்குழாயிலேயே அளக்கும் சோதனையை எல்லா வண்டிகளுக்கும் திரும்பக் கொண்டு வந்தது. டீசல் வண்டிகளின் துகள்களை எண்ணும் சோதனை 2023-இல் சுவிஸிலும் ஜெர்மனியிலும் வந்தது. ஃபில்டரில் விரிசல் விட்டிருந்தாலும் விளக்கு சும்மா இருக்கும் என்பது தெரிந்துபோனதால்தான் இது.

வாங்கப் போகிறவர்களுக்கு

விற்பவர் கோடை முந்தின நாள் அழித்திருந்தால் விளக்கு எரியாது. ஆனால் தடயம் இருக்கும். கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முடித்துவிட்டதா என்று 'ரெடினஸ்' பட்டியல் சொல்லும். கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சர் எல்லாம் "முடியவில்லை" என்று வந்தால் உஷார். கோட் அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கும் பல வண்டிகளில் கிடைக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படி ஆகும், எனவே உடனே திருட்டுப் பட்டம் கட்டிவிட வேண்டாம். சில நாள் ஓட்டிய பிறகு திரும்பப் பார்க்கலாம் என்று கேளுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

கடையில் கிடைக்கிற சின்ன ஸ்கேனர் எஞ்சின் கோடு வாசிக்கப் போதும். ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் பெரும்பாலானவற்றுக்கு எட்டாது.

சிவப்பு விளக்கு என்றால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். எரியாத பெட்ரோல் போய் நல்ல கன்வெர்ட்டரையும் சுட்டுப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கராஜில் "எந்த பார்ட் மாற்ற வேண்டும்?" என்று கேட்பதற்கு முன் "எதை அளந்து பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அளந்தவர் எண்ணோடு பதில் சொல்வார், பேப்பரிலும் கொடுப்பார். இங்கே ஒரு மணி நேரக் கூலி நூறு பிராங்கைத் தாண்டும், வலிக்கத்தான் செய்யும். விடியற்காலை ஷிஃப்டுக்கு வண்டியை நம்பியிருக்கிற மனுஷனுக்கு, தவறான பார்ட்டுக்குக் கொடுக்கிற காசு அதைவிட வலிக்கும். மாற்றிய பிறகும் அதே விளக்கு திரும்ப எரியுமே, அதுதான் கொடுமை.

நாளைக்கு லேப் ரிப்போர்ட் கொடுக்கணும், இன்னும் ஒரு வரி எழுதலை. வர்ட்டா?