மனை வாங்கும் முன் கோர்ட் வழக்கைத் தேடுவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாகிவிட்டது. இமெயில் அனுப்பவும், ரயில் டிக்கெட் எடுக்கவும், மின்கட்டணம் செலுத்தவும் பழகியிருப்பீர்கள். அடுத்ததாகப் பழகிக்கொள்ள வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் வாங்க நினைக்கும் இடத்தின் மீது கோர்ட்டில் வழக்கு உள்ளதா என்று வீட்டிலிருந்தே தேடுவது. கட்டணம் எதுவும் இல்லை. அரை மணி நேரம் போதும்.

கோயம்புத்தூரை எடுத்துக்கொள்வோம். 2011ல் மாநகராட்சியின் பரப்பளவு சுமார் 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 சதுர கிலோமீட்டராக விரிந்தது. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், சரவணம்பட்டி, துடியலூர், வடவள்ளி, காளப்பட்டி எல்லாம் நகருக்குள் வந்தன. தோட்டமும் காடுமாக இருந்த நிலங்கள் மனைகளாயின. நிலத்துக்கு விலை ஏறினால் பங்காளித் தகராறும் கூடவே வரும். பாகப்பிரிவினை வழக்கு, கிரய ஒப்பந்த வழக்கு, எல்லைத் தகராறு என்று ஏதாவது ஒன்று நிலுவையில் இருக்கலாம்.

வில்லங்கச் சான்று போதாதா?

போதாது. பதிவு அலுவலகத்தில் பதிவான ஆவணங்களைத்தான் வில்லங்கச் சான்று காட்டும். ஒருவர் கோர்ட்டில் வழக்குப் போட்டவுடன் அது தானாக வில்லங்கச் சான்றில் ஏறிவிடுவதில்லை. சான்று சுத்தமாக இருக்கும்; வழக்கும் நடந்துகொண்டிருக்கும்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் பிரிவு 52 இங்கே முக்கியம். ஒரு சொத்தின் உரிமை பற்றி வழக்கு நடக்கும்போது அதை வாங்குபவரையும் அந்த வழக்கின் தீர்ப்பு கட்டுப்படுத்தும். "வழக்கு இருப்பது எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே தேடிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

தேடுவதற்கு முன் தயார் செய்ய வேண்டியவை

விற்பவரிடம் தாய்ப்பத்திரங்களின் ஜெராக்ஸ் வாங்குங்கள். அதிலிருந்து ஒரு பெயர்ப் பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். விற்பவர், அவருடைய தந்தை, தாய், உடன்பிறந்தவர்கள், பவர் ஏஜென்ட், முந்தைய உரிமையாளர்கள் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். சர்வே எண்ணையும் குறித்து வையுங்கள். அது பிறகு தேவைப்படும்.

வெப்சைட்டில் தேடும் முறை

நாடு முழுவதும் உள்ள மாவட்ட நீதிமன்றங்களைக் கம்ப்யூட்டர்மயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டம் 2007ல் தொடங்கியது. இதன் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. இந்தத் திட்டத்தின் வெப்சைட்டைத்தான் நாம் பயன்படுத்தப் போகிறோம்.

1. கூகுளில் 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். வரும் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். அதுதான் அரசு வெப்சைட். பணம் கேட்கும் தனியார் வெப்சைட்டுகளும் பட்டியலில் வரலாம், அவை வேண்டாம்.

2. மெனுவில் 'கேஸ் ஸ்டேட்டஸ்' என்பதைக் கிளிக் செய்யுங்கள்.

3. மாநிலம் தமிழ்நாடு, மாவட்டம் கோயம்புத்தூர் என்று தேர்வு செய்யுங்கள். அடுத்து 'கோர்ட் காம்ப்ளெக்ஸ்' என்ற பெட்டி. நகரத்தில் உள்ள நீதிமன்ற வளாகமும், பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் போன்ற ஊர்களின் வளாகங்களும் இதில் தனித்தனியாக இருக்கும். சொத்து எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் பொதுவாக வழக்குப் போடுவார்கள்.

4. 'பார்ட்டி நேம்' என்ற பகுதிக்குப் போய்ப் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். குறைந்தது மூன்று எழுத்துகள் தேவை.

5. ஆண்டைக் கொடுத்து, நிலுவையில் உள்ளவை, முடிந்தவை இரண்டையும் தேடுங்கள். முடிந்த வழக்கை விட்டுவிடாதீர்கள். ஒரு டிக்ரியை நிறைவேற்றக் கோர 12 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஆகவே குறைந்தது 12 ஆண்டுகளுக்காவது ஒவ்வொரு ஆண்டாக மாற்றிப் பாருங்கள்.

6. கோணல்மாணலாகத் தெரியும் கேப்சா எழுத்துகளைப் பார்த்து அப்படியே டைப் செய்து தேடும் பட்டனை அழுத்துங்கள். எழுத்து புரியவில்லை என்றால் பக்கத்தில் உள்ள சிறிய வட்ட அம்புக்குறியைக் கிளிக் செய்தால் வேறு எழுத்துகள் வரும்.

பெயர்தான் பெரிய சிக்கல்

'பழனிசாமி' என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம்? 'ழ'வுக்கு ஒருவர் 'எல்' போடுவார், இன்னொருவர் 'இசட்'டும் 'எச்'சும் சேர்த்துப் போடுவார். 'சாமி'யில் ஒருவர் 'டபிள்யூ' சேர்ப்பார், ஒருவர் சேர்க்க மாட்டார். கடைசி எழுத்து 'ஐ'யா, 'ஒய்'யா என்பது அடுத்த குழப்பம். கோர்ட்டில் டைப் செய்தவர் எப்படி எழுதினாரோ அப்படித்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

எனவே முழுப் பெயரையும் கொடுக்காதீர்கள். மாறாத பகுதியை மட்டும் கொடுங்கள். கருப்பசாமி என்றால் 'கருப்ப' வரை போதும். இனிஷியல் வேண்டாம். பட்டியல் நீளமாக வரும், பொறுமையாகப் பாருங்கள். பிறகு வேறு ஸ்பெல்லிங்கிலும் ஒருமுறை தேடுங்கள்.

மாவட்ட எல்லையையும் கவனியுங்கள். 2009ல் கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களைப் பிரித்துத் திருப்பூர் மாவட்டம் உருவானது. பல்லடம், அவிநாசி, உடுமலைப்பேட்டை அப்போது திருப்பூருக்குப் போயின. உங்கள் இடம் அந்தப் பக்கம் இருந்தால் திருப்பூர் மாவட்டத்தையும் தேர்வு செய்து தேடுங்கள்.

விவரத்தைப் படிப்பது எப்படி?

பட்டியலில் ஒரு வழக்கைக் கிளிக் செய்தால் வாதி, பிரதிவாதி, வக்கீல்கள், அடுத்த வாய்தா தேதி, வழக்கு எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதெல்லாம் வரும். ஓ.எஸ். என்றால் அசல் வழக்கு. ஐ.ஏ. என்பது அதற்குள் போடும் இடைக்கால மனு. ஏ.எஸ். மேல்முறையீடு. இ.பி. என்றால் டிக்ரியை நிறைவேற்றக் கோரும் மனு. உத்தரவு அப்லோட் ஆகியிருந்தால் பி.டி.எஃப். ஃபைலாக டவுன்லோட் செய்யலாம்.

சி.என்.ஆர். எண் என்று 16 இலக்கத்தில் ஒன்று இருக்கும். அதில் மாநிலம், மாவட்டம், நீதிமன்றம், வரிசை எண், ஆண்டு எல்லாம் அடங்கியிருக்கும். இதை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த முறை பெயரைத் தேட வேண்டியதில்லை. எண்ணை டைப் செய்தாலே வழக்கு வந்துவிடும். 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' ஆப் மூலம் செல்போனிலும் பார்க்கலாம்.

சென்னை உயர் நீதிமன்ற வழக்குகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. கோயம்புத்தூர் வழக்குகள் மதுரைக் கிளைக்கு அல்ல, சென்னைக்கே போகும். வங்கிக் கடன் வழக்குகள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் நடக்கும். அதற்கு வேறு வெப்சைட்.

வழக்கு இருக்கிறது, நம் இடம்தானா?

இங்கேதான் வெப்சைட் நின்றுவிடும். பெயர் வரும், சர்வே எண் வராது. அதே பெயரில் வேறு ஒருவராகவும் இருக்கலாம். எந்தச் சொத்து என்பது வழக்கின் பிராதில், கடைசியில் உள்ள சொத்து விவரத்தில்தான் இருக்கும். 'தபசில்' என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். அதைப் பார்க்க நகல் வாங்க வேண்டும்.

வெப்சைட்டிலிருந்து எடுத்த பிரின்ட் சட்டப்படி சான்றிட்ட நகல் ஆகாது. கோர்ட் முத்திரையுடன் தரும் நகலே செல்லும். பொது ஆவணங்களின் சான்றிட்ட நகல் பற்றி, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 75 பேசுகிறது. முன்பு இது சாட்சியச் சட்டத்தின் பிரிவு 76 ஆக இருந்தது.

நகல் கேட்பது எப்படி?

வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் நகல் மனு கொடுக்க வேண்டும். வழக்கு எண், ஆண்டு, கட்சிக்காரர்களின் பெயர், எந்த ஆவணம் வேண்டும் என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். 'எல்லாம் வேண்டும்' என்று எழுதாதீர்கள். 'பிராது, எதிர்வழக்குரை, தீர்ப்பு, டிக்ரி' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மனுவுக்கு கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். எத்தனை பக்கம் என்று கணக்கிட்ட பிறகு நகல் கட்டணம் கேட்பார்கள். அதைக் காலத்தில் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகலாம் என்பதால் நகல் பிரிவில் விசாரித்துக்கொண்டே இருங்கள்.

வழக்கில் கட்சிக்காரராக இருப்பவர் இப்படி நேரடியாகக் கேட்கலாம். மனை வாங்கப் போகும் நீங்கள் மூன்றாம் நபர். எதற்காக நகல் தேவை என்று காரணம் சொல்லி அபிடவிட் தாக்கல் செய்து, நீதிமன்ற உத்தரவு பெற வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்று தோன்றும். குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. நீதிமன்ற விதிகளில் நகல் பெற வழி இருக்கும்போது அந்த வழியில்தான் கேட்க வேண்டும்.

சுலபமான வழி ஒன்று உண்டு. விற்பவர் அந்த வழக்கில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ இருந்தால், அவரையே நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அவருக்கு அபிடவிட் தேவையில்லை. "அதெல்லாம் சும்மா வழக்கு, நகல் எதற்கு?" என்று அவர் இழுத்தடித்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நினைவில் வையுங்கள்

தேடியதில் எதுவும் வரவில்லை என்றால் வழக்கே இல்லை என்று அர்த்தமில்லை. ஸ்பெல்லிங் மாறியிருக்கலாம். மிகப் பழைய வழக்கு கம்ப்யூட்டரில் ஏறாமல் இருக்கலாம். பழைய வழக்குக் கட்டுகளில் சில தாள்களை விதிப்படி குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள் என்பதால், நகல் தேவை என்று தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

கம்ப்யூட்டர் இல்லாத உறவினர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். பல நீதிமன்ற வளாகங்களில் உள்ள இ-சேவை மையத்தில் வழக்கு நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நீங்கள் எடுத்த சி.என்.ஆர். எண்கள், டவுன்லோட் செய்த உத்தரவுகள், தாய்ப்பத்திர நகல்கள் அனைத்தையும் ஒரே ஃபோல்டரில் சேமித்து, பிரின்ட் எடுத்து உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். அவர் பார்த்துச் சொன்ன பிறகு கிரயத்துக்குத் தேதி குறியுங்கள்.