காசை யார் நகர்த்துவது?

மலேசியாவின் செமினியில் டியூஷன் நடத்துபவருக்கு மாதம் பிறந்தால் பாடத்தைவிடக் கட்டணம் வசூலிப்பதுதான் பெரிய வேலை. கியூஆர் அட்டையை ஒட்டிவைத்தாலும் காசைத் தள்ளிவிட வேண்டியவர்கள் பெற்றோர். அவர்கள் மறந்தால் ஒன்றும் நகராது. டைரக்ட் டெபிட்டில் திசை மாறுகிறது. இழுப்பவர் ஆசிரியர்.

அடுத்தவர் கணக்கில் கைவைக்க வங்கி எப்படி விடுகிறது? சும்மா விடுவதில்லை. பெற்றோர் முதலில் தங்கள் வங்கியின் இணையச் சேவையில் நுழைந்து ஒப்புதல் தருகிறார்கள். யாருக்கு, எவ்வளவு நாளைக்கு ஒருமுறை, அதிகபட்சம் எத்தனை வெள்ளி என்பதெல்லாம் அதில் பதிவாகும். தவணை நாளில் ஆசிரியரின் வங்கி கோரிக்கை அனுப்பும். அதைப் பெற்றோரின் வங்கிக்குக் கொண்டுசேர்ப்பது பேநெட். மைகிளியர், மெப்ஸ் என்ற இரண்டு கட்டணச் சேவை நிறுவனங்கள் இணைந்து 2017இல் உருவான நிறுவனம் அது. ஒப்புதல் உண்டா, இருப்பு உண்டா என்று பார்த்த பிறகே பற்று எழுதப்படும். வரம்பு மீறினால் மறுப்பு. கணக்கு காலியாக இருந்தாலும் மறுப்புதான். வராக்கடனை வரவழைக்கும் மந்திரமல்ல இது.



டைரக்ட் டெபிட் சேவைக்குக் கட்டணம் உண்டு. பத்துப் பிள்ளைகள்தான் என்றால், கியூஆரும் ஒரு வாட்ஸ்அப் நினைவூட்டலுமே போதும் என்பேன்.