ஏ.டி.எச்.டி.யும் தியானமும்

கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு, சுருக்கமாக ஏ.டி.எச்.டி., சிறுவயதிலேயே தொடங்கும் நரம்பு வளர்ச்சி சார்ந்த குறைபாடு. பலருக்கு இது பெரியவர்களான பின்னும் தொடர்கிறது. கவனச் சிதறல், ஓரிடத்தில் இருக்க முடியாமை, யோசிக்குமுன் செயல்படுதல் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள்.

அவசரச் செயல்பாடு

கேள்வி முடியுமுன் பதில் சொல்வது, பிறர் பேச்சில் குறுக்கிடுவது, தி. நகர் ரங்கநாதன் தெருவில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிவிட்டுப் பிறகு வருந்துவது போன்றவை இதில் அடங்கும். 1902இல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய குழந்தைகளிடம் இருப்பது ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றார். இன்றைய மருத்துவம் அதை ஏற்பதில்லை. செயலைச் சற்று நிறுத்திவைக்கும் மூளைத் திறனில் உள்ள சிக்கலே இதற்குக் காரணம். ஆகவே திட்டுவதால் இது மாறுவதில்லை.

தியானம் எப்படி உதவும்?

அசையாமல் உட்காருவதே இவர்களுக்குக் கடினம். இரண்டு நாள் முயன்று, "எனக்குத் தியானம் வராது" என்று விட்டுவிடுவோர் உண்டு. ஆனால் மனம் அலைவது தோல்வி அன்று. அலைந்ததை உணர்ந்து மீண்டும் மூச்சுக்குத் திரும்புவதே பயிற்சி. அந்தப் பழக்கம், ஆசை எழுவதற்கும் கை நீளுவதற்கும் நடுவே ஒரு மூச்சளவு இடைவெளி தரக்கூடும்.

2008இல் லிடியா சைலோவ்ஸ்கா குழுவினர் கலிபோர்னியாவில் நடத்திய ஆய்வில் 24 பெரியவர்களும் 8 பதின்பருவத்தினரும் 8 வாரப் பயிற்சியில் சேர்ந்தனர். வீட்டுப் பயிற்சி 5 நிமிடத்தில் தொடங்கி 15 நிமிடம் வரை உயர்ந்தது. நடைத் தியானமும் அதில் இருந்தது. முடித்தவர்களில் பெரும்பாலோர் அறிகுறிகள் குறைந்ததாகத் தெரிவித்தனர். எனினும் ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள இயலாது.

சென்னையில் வாழ்ந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரும் (1888–1989), 1976இல் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கிய அவர் மகன் தேசிகாச்சாரும் மூச்சோடு இணைந்த அசைவையும் ஆளுக்கேற்ற பயிற்சியையும் வலியுறுத்தினர். துறுதுறுப்பானவர்களுக்கு இம்முறை ஏற்றதாக இருக்கலாம்: முதலில் உடல் அசையட்டும், பிறகு உட்காரலாம்.

தொடங்கும் முறை

• மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா போன்ற இடத்தில், பாதம் தரையில் படுவதைக் கவனித்து நடக்கலாம்.
• பிறகு 2 நிமிடம் மட்டும் அமர்ந்து மூச்சைக் கவனிக்கலாம்.
• காபி குடித்தவுடன் என்பதுபோல், தினமும் செய்யும் ஒரு வேலையோடு இணைத்தால் மறக்காது.
• வாங்கத் தோன்றும் பொருளைக் குறித்துவைத்து மறுநாள் முடிவெடுக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

தியானம் சிகிச்சைக்குத் துணை மட்டுமே. மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக்கூடாது. அமரும்போது பதற்றம் கூடினால் பயிற்சியை நிறுத்தி மனநல மருத்துவரிடம் பேசவேண்டும். அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண்: 14416.