ஓசூருக்குப் போன மானியம்

சிறுதொழிலின் பாதை – 9

சென்ற வாரம் கிண்டித் தொழிற்பேட்டை உருவான கதையைப் பார்த்தோம். 1958ல் காமராஜர் முதல்வர், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சர். கையில் தொழில் இருந்தும் முதல் இல்லாதவர்களுக்காக அரசே ஷெட் கட்டிக் கொடுத்தது. கரண்ட், தண்ணீர், சாலை எல்லாம் வாசல்வரை வந்தன. ஆனால் இதெல்லாம் நடந்தது சென்னையில், துறைமுகமும் ரயில் பட்டறைகளும் முன்பே இருந்த ஊரில். ஆலைச் சங்கு கேட்டே இராத மாவட்டங்களுக்கு என்ன வழி? 1960களின் கடைசியில் இந்தக் கேள்வி டில்லியை நெருக்கியது. டில்லி கண்ட விடை மானியம்.

1968ல் இரண்டு குழுக்கள் அமைந்தன. எது பின்தங்கிய பகுதி என்று சொல்ல பாண்டே குழு. அங்கே தொழில் தொடங்க வருகிறவருக்கு என்ன சலுகை தரலாம் என்று சொல்ல வாஞ்சூ குழு. பாண்டே குழு வைத்த அளவுகோல்களில் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பெரிய நகரத்திலிருந்தோ பெரிய ஆலையிலிருந்தோ சுமார் 50 மைலுக்கு அப்பால் இருக்கிற மாவட்டம். நியாயமான அளவுகோல்தான். ஆனால் மாவட்டம் என்பது வரைபடத்தில் ஒரு புள்ளி இல்லையே. ஒரு கோடி நகரத்தை ஒட்டியிருக்கும், மறுகோடி காட்டுக்குள் இருக்கும்.

1971ல் மத்திய முதலீட்டு மானியத் திட்டம் வந்தது. தேர்ந்தெடுத்த பின்தங்கிய மாவட்டத்தில் தொழிற்சாலை கட்டினால், நிலம், கட்டடம், இயந்திரம் ஆகியவற்றில் போட்ட முதலில் 10 சதவீதத்தை மத்திய அரசு தரும். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பிறகு அது 15 சதவீதம் ஆனது. மாநிலமும் சும்மா இருக்கவில்லை. அதே 1971ல் சிப்காட் பிறந்தது. நிலத்தைக் கையகப்படுத்தி, சாலை போட்டு, மனை பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. விற்பனை வரிப் பணத்தையே வட்டியில்லாக் கடனாகத் திருப்பித் தரும் சலுகையும் சிப்காட் வழியாகவே போனது.

பின்தங்கியவை என்று பட்டியலில் ஏறிய தமிழக மாவட்டங்களில் தர்மபுரியும் ராமநாதபுரமும் உண்டு. இரண்டும் வானம் பார்த்த பூமி. அடுத்து வந்த இருபது ஆண்டுகளில் இந்த இரண்டுக்கும் என்ன நடந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

அன்றைய தர்மபுரி மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் இருந்தது ஓசூர். பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். தன் மாவட்டத் தலைநகரைவிட அடுத்த மாநிலத்தின் தலைநகர் அதற்குப் பக்கம். பெங்களூரில் அப்போது என்னென்ன இருந்தன என்று பாருங்கள்: எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். விமானமும் தொலைபேசியும் கடிகாரமும் ரேடாரும் செய்யத் தெரிந்த கைகள், அந்தக் கைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான பட்டறைகள், டூல் ரூம்கள். ஓசூரில் சிப்காட் மனை வாங்குகிறவருக்கு இவை அனைத்தும் ஒரு மணி நேரப் பயணத்தில் கிடைத்தன. கூடவே, தர்மபுரி மாவட்டத்தின் வறுமைக்காக ஒதுக்கப்பட்ட மானியமும் கிடைத்தது.

1980ல் அசோக் லேலண்ட் அங்கே ஆலை திறந்தது. அதே ஆண்டு டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளியே வந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கடிகார ஆலை வந்தது. எச்.எம்.டி.யில் கடிகாரம் செய்து பழுத்த அனுபவசாலிகள் அதன் தொடக்க அணியில் இருந்தார்கள். பெரிய ஆலைகளைச் சுற்றி லேத், மில்லிங், பிரஸ், ஹீட் ட்ரீட்மென்ட் என்று ஜாப் ஆர்டர் செய்யும் சிறு பட்டறைகள் முளைத்தன. அவர்களுக்கென, மாநில அரசின் சிறுதொழில் கழகமான சிட்கோவின் பேட்டை வந்தது. சிறு, குறுந்தொழில் சங்கமான ஹோஸ்டியா வளர்ந்தது. தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் பெருமையாகச் சொல்ல வேண்டிய அத்தியாயம் இது. அதை எங்கும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அதே தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரமும் அரூரும் இருந்தன. அதே பட்டியல், அதே சதவீதம், அதே விண்ணப்பப் படிவம். அங்கே லேலண்டும் வரவில்லை, டைட்டனும் வரவில்லை. அந்த ஊர்களின் இளைஞர்கள் இன்றும் கட்டட வேலைக்கு பெங்களூருக்கும், பனியன் வேலைக்கு திருப்பூருக்கும் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். 2004ல் ஓசூர் இருக்கும் பகுதி கிருஷ்ணகிரி என்று தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, மானியத்தால் விளைந்த தொழிலின் பெரும்பகுதியும் அதோடு பிரிந்து போனது. வறுமைக் கணக்கு காட்டிய மாவட்டத்துக்குப் பழைய வறுமைதான் மிஞ்சியது.

ராமநாதபுரத்தின் கதை இன்னும் கற்றுக்கொடுக்கிறது. 1985ல் மூன்றாகப் பிரிவதற்கு முன் அந்த மாவட்டத்துக்குள் சிவகாசியும் இருந்தது. 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, பட்டாசுக்கு லேபிள் ஒட்டப் போய் அச்சுத் தொழில் என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வளர்ந்தது. வாஞ்சூ குழு உட்காருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிவகாசி தன் காலில் நின்றுவிட்டது. அரசுக் கணக்கில் அதுவும் பின்தங்கிய மாவட்டத்தின் ஊர், கமுதியும் முதுகுளத்தூரும் பின்தங்கிய மாவட்டத்தின் ஊர்கள். முதலும் சந்தையும் உறவுமுறைக் கடனும் புழங்கிய ஊர் ஒருபக்கம். கண்மாய் நிறைந்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் பிழைப்புக்கு வெளியூர் என்றிருந்த ஊர்கள் மறுபக்கம். இரண்டுக்கும் ஒரே மருந்துச் சீட்டு எழுதப்பட்டது. மானாமதுரையில் சிப்காட் வளாகம் அமைத்தார்கள். மனை இருந்தது, மானியம் இருந்தது. பக்கத்தில் ஒரு பெங்களூர் இல்லை.

இதை அரசு உணராமல் இல்லை. பின்தங்கிய பகுதிகளின் வளர்ச்சிக்கான தேசியக் குழு ஒன்று பி. சிவராமன் தலைமையில் 1978ல் அமைந்தது. பசுமைப் புரட்சிக் காலத்தில் மத்திய வேளாண் செயலராக இருந்தவர் அவர். மானியத்தின் பெரும்பங்கு, வளர்ந்த தொழில் மையங்களை ஒட்டிய சில மாவட்டங்களுக்கே போய்ச் சேர்ந்திருப்பதை அவருடைய குழு எடுத்துக் காட்டியது. தொழில் வளர வேண்டுமானால் தேர்ந்தெடுத்த மையங்களில் அடிப்படை வசதிகளைக் கட்டுங்கள் என்றது. அரசு முதலில் வேறு வழியில் போனது. 1983ல், தொழிலே இல்லாத மாவட்டங்கள் என்று ஒரு தனி வகை பிரித்து, அவற்றுக்கு மானியத்தை 25 சதவீதமாக உயர்த்தியது. 1988ல் அந்த மானியத் திட்டமே நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் வளர்ச்சி மையத் திட்டம் வந்தது. நெல்லைப் பக்கம் கங்கைகொண்டானும் ஈரோட்டுப் பக்கம் பெருந்துறையும் அந்த வழியில் எழுந்தவை.

இதையெல்லாம் இன்று ஏன் கிளறுகிறேன் என்றால், வடிவம் மாறினாலும் சதவீதத்தின் மீதான நம்பிக்கை மாறவில்லை.

இன்றைய திட்டங்களில் பலருக்கும் தெரிந்த, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யை எடுத்துக்கொள்வோம். பழைய இரண்டு திட்டங்களை இணைத்து 2008ல் வந்தது. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய்வரை திட்ட மதிப்பு. நகரத்தில் பொதுப்பிரிவினருக்கு 15 சதவீத மானியம், கிராமத்தில் 25. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு பெண் 10 லட்ச ரூபாயில் மிளகாய்த்தூள் யூனிட் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையிலிருந்து 50,000 ரூபாய். வங்கிக் கடன் ஒன்பதரை லட்சம். மானியமாக வரும் மூன்றரை லட்சம் அவர் கைக்கு வராது. மூன்று ஆண்டுகள் வங்கியில் அவர் பெயரில் வைப்பாக இருக்கும். அதற்கு வட்டி கிடையாது, கடனில் அந்த அளவுக்கு வட்டி போடுவதும் கிடையாது. மூன்று ஆண்டு கழித்து யூனிட் ஓடுகிறது என்று நேரில் சரிபார்த்த பிறகு கடனில் கழிப்பார்கள். மானியத்தை வாங்கிக்கொண்டு ஷட்டரை இறக்கிவிடுவதைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு.

தமிழக அரசின் நீட்ஸ், படித்த முதல் தலைமுறை தொழில்முனைவோருக்கு 25 சதவீத மானியமும் 3 சதவீத வட்டித் தள்ளுபடியும் தருகிறது. 2023ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டித் தள்ளுபடியும் தருகிறது. சொத்தும் சொந்தக்காரக் கடனும் இல்லாத சமூகங்களுக்கு இது வெகு காலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியது.

எல்லாத் திட்டங்களுக்கும் நடுவே ஒரு வாசல் இருக்கிறது, அது வங்கி மேனேஜரின் மேஜை. மாவட்டத் தொழில் மையமான டி.ஐ.சி. பரிந்துரைக்கலாம், கடன் தருவது வங்கிதான். சிறு, குறுந்தொழில்களுக்கு 10 லட்சம்வரை ஜாமீன் சொத்து கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டது. கடன் வாராக்கடனானால் பெரும்பங்கை ஈடுகட்ட 2000ல் தொடங்கிய உத்தரவாத நிதியம் இருக்கிறது. இருந்தும் “வீட்டுப் பத்திரம் இருக்காம்மா?” என்ற கேள்வி பல கிளைகளில் இன்னும் ஓயவில்லை. மேனேஜரை மட்டும் திட்டிப் பயனில்லை. திருப்பூரில் அவர் ஒரு நிட்டிங் யூனிட்டுக்குக் கடன் கொடுத்தால், மெஷினை நாளைக்கே வாங்கிக்கொள்ள ஆள் உண்டு, துணியை வாங்க ஆள் உண்டு, முதலாளியைப் பற்றி விசாரிக்கத் தெருவெல்லாம் ஆள் உண்டு. கமுதியில் இவை எதுவும் இல்லை. அங்கே அவருக்கு மிஞ்சுவது பத்திரம்தான். பின்தங்கிய ஊரில் கடன் ஆபத்தாகத் தெரிவதற்குக் காரணம் அந்த ஊர் பின்தங்கியிருப்பதே. 35ஐ 45 ஆக்கினாலும் இந்த முடிச்சு அவிழாது.

நம் மிளகாய்த்தூள் யூனிட்டுக்கே திரும்பலாம். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல சரக்கு, நல்ல பெயர். ஆனால் அந்தப் பெண்ணுக்கு 10 லட்சத்தில் அரவை மெஷினும் பேக்கிங் மெஷினும் வாங்க முடியும். மண் படாமல் காய வைக்கும் களமும், விலை ஏறும்வரை சரக்கை வைத்திருக்கும் குளிர்பதனக் கிடங்கும் அவர் ஒருவரால் கட்ட முடியாது. வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால் பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று ஆய்வகச் சான்று வேண்டும். ஸ்பைசஸ் போர்டின் பரிசோதனைக்கூடம் இருப்பது தூத்துக்குடியில். சிவகங்கையில் ஸ்பைசஸ் போர்டு ஒரு பூங்கா அமைத்திருக்கிறது. போக வேண்டிய திசை அதுதான். இன்னும் பலவும், விளைகிற இடத்துக்கு இன்னும் பக்கத்திலும் வேண்டும்.

‘அதற்குத்தான் கிளஸ்டர் திட்டம் இருக்கிறதே’ என்று அதிகாரிகள் சொல்லக் கேட்கலாம். உண்மைதான். ஒரே தொழில் செய்பவர்கள் சேர்ந்து ஒரு நிறுவனம் பதிந்தால், பொது வசதி மையம் கட்ட மத்திய அரசு பெரும்பங்கும் மாநில அரசு ஒரு பங்கும் தரும். மீதியை உறுப்பினர்கள் போட வேண்டும். ஆனால் சேர்வதற்கு முதலில் அந்த ஊரில் ஆட்கள் வேண்டும், அவர்கள் கையில் பங்குத் தொகை வேண்டும், நிலம் வேண்டும், திட்ட அறிக்கையைத் தூக்கிக்கொண்டு அலைய ஒரு சங்கம் வேண்டும். கோவைக்கும் சிவகாசிக்கும் இவை இருக்கின்றன. கமுதிக்கு இல்லை. மறுபடியும் ஓசூர் கதைதான்.

இதில் எனக்கு மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை: தொழில் இல்லாத ஊரில் அரசு கிண்டியில் செய்ததைச் செய்ய வேண்டும். ஆள் வரட்டும், பிறகு கட்டலாம் என்று காத்திருக்காமல், களத்தையும் கிடங்கையும் ஆய்வகத்தையும் ஷெட்டையும் முதலில் கட்டி வாடகைக்கு விட வேண்டும். சில ஆண்டுகள் பாதி காலியாகக் கிடந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடியைப் பாருங்கள். வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலைக்கு 2024ல் அடிக்கல் நாட்டி 2025 ஆகஸ்டில் திறந்துவிட்டார்கள். தென் மாவட்டம் என்பதற்கான சலுகைகள் எல்லாம் முன்பும் இருந்தவைதான். அந்த நிறுவனம் தூத்துக்குடியைத் தேடி வந்ததில் பெரும்பங்கு, பல தலைமுறைப் பொதுப் பணத்தில் வளர்ந்த துறைமுகத்துக்கு உண்டு.

ஒரு கோரிக்கையும் இருக்கிறது. சிறு, குறு, நடுத்தரத் தொழில் துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில், எத்தனை பேருக்கு எத்தனை கோடி மானியம் என்று வரும். அது கொடுத்த கணக்கு. தாலுகா வாரியாக எங்கே போனது, மூன்று ஆண்டு கழித்து எத்தனை யூனிட் ஓடுகிறது என்ற கணக்கும் அதே குறிப்பில் அச்சாக வேண்டும். பி.எம்.இ.ஜி.பி.யில் ஒவ்வொரு யூனிட்டையும் நேரில் போய்ப் பார்த்துத்தான் மானியத்தைக் கடனில் கழிக்கிறார்கள் என்பதால், அந்தத் திட்டத்துக்குப் புதிதாக யாரையும் அனுப்பி எண்ண வேண்டியதுகூட இல்லை. மற்றத் திட்டங்களுக்கும் அதே சரிபார்ப்பைச் செய்து வெளியிடச் சொல்லி, தென் மாவட்ட எம்.எல்.ஏ.க்கள் கட்சி பார்க்காமல் மானியக் கோரிக்கை விவாதத்தில் கேட்கலாம்.

அடுத்த வாரம், சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் 45 நாள் கெடுவும், அதற்காகப் படியேறியவர்களின் அனுபவமும்.

(தொடரும்)