முதிய ஸ்திரீகளுக்கு அடிவயிற்று நோவு: தாமதிக்கலாகாத சமயங்கள்

ஆண் வைத்தியரிடம் தேகத்தைக் காட்ட உடன்படாத கோஷா ஸ்திரீகளுக்கென்று மேரி ஷார்லீப் அம்மையார் சென்னையில் 1885-ம் வருஷம் ஓர் ஆஸ்பத்திரியை ஸ்தாபித்தார். திருவல்லிக்கேணியிலுள்ள கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி அதுவேயாகும். கோஷா வழக்கம் அருகிவிட்டது, கூச்சமோ போனபாடில்லை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் ஆஸ்பத்திரிக்கு வெகு சமீபத்தில் வசிக்கும் பாட்டிமார்கூட அடிவயிற்று நோவை வாயு என்றும் சூடு என்றும் சொல்லி, பெருங்காயத்தையும் வெந்தயத்தையும் விழுங்கி நாட்களைக் கடத்துவதுண்டு.

மாதவிடாய் நின்ற பிறகு உண்டாகும் நோவு யாவும் ஆபத்தானதன்று. மலச்சிக்கல், கர்ப்பப்பை இறக்கம், சுரமில்லாத நீர்க்கடுப்பு ஆகியவற்றை ஓரிரு நாளில் வைத்தியரிடம் காட்டினால் போதும். ஆனால் நோவு திடீரென்று தோன்றி நிமிரவும் முடியாமற் செய்தால், சினைப்பை முறுக்கிக்கொண்டோ குடல் துளைபட்டோ இருக்கலாம். இவற்றில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமானது. வயிறு பலகைபோல் விறைத்தல், ஓயாத வாந்தி, மலமும் வாயுவும் பிரியாமை, மூத்திரக்கட்டு, மயக்கம், குளிர்சுரம் ஆகியவற்றுள் ஒன்று நோவுடன் சேர்ந்தாலும் உடனே புறப்பட வேண்டும். நோவு முதுகிற்குப் பரவிக் குளிர்ந்த வியர்வை கண்டால், வயிற்றிலுள்ள பெரிய இரத்தக்குழாய் வீங்கி வெடித்திருக்கவுங் கூடும்.

பலர் கவனியாத இடம் தொடையிடுக்கு. அங்கே சிறு கட்டிபோல் புடைத்து, உள்ளே போகாமல் வலித்தால், அது குடல் பிதுங்கி நெரிபடுவதாக இருக்கலாம். இத்தகைய பிதுக்கம் முதிய ஸ்திரீகளிடம் ஏற்படக்கூடியதே; கூச்சத்தால் அவர்கள் அதைச் சொல்வதில்லை. ஆகையால் வீட்டுப் பெண்மக்களே கேட்டறிய வேண்டும். வழுக்கி விழுந்த பின் அவ்விடத்தில் நோவெடுத்துக் காலூன்ற இயலாவிட்டால், இடுப்பெலும்பு முறிவென்றே கருதி நடத்தாமல் கொண்டுசெல்வது உசிதம்.

முதியோருக்குக் கடும் நோயிலும் சுரம் காணாதிருக்கலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பிதற்றினால், அதுவும் சுரத்திற்குச் சமமான அடையாளமே.

மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழிந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும், நோவில்லாவிடினும், சில தினங்களுக்குள் பரிசோதனை அவசியம். மிகுதியாகப் போனால் அன்றே. வயிறு வாரக்கணக்கில் உப்பியிருத்தல், இரண்டு கவளத்திலேயே நிறைந்துவிடுதல் ஆகியவை சினைப்பைப் புற்றுநோயின் அடையாளமாகலாம். தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தோன்றியது.

அவசர சமயத்தில் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவது பெருந்தீங்கு. வயிற்றில் ஒத்தடமிட்டுக் காத்திருப்பதும் காலவிரயமே. ரண சிகிச்சை நேரலாமாதலால் காப்பியோ கஞ்சியோ கொடுக்கலாகாது. தமிழ்நாட்டில் 2008 முதல் நடைபெறும் 108 ஆம்புலன்ஸுக்குக் கட்டணமில்லை. நீரிழிவுக்கும், இரத்தம் உறையாதிருப்பதற்கும் உட்கொள்ளும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துச்சென்று வைத்தியரிடம் காட்டுக.